குட்டிக்கு 16 வாரம் ஆகிவிட்டதா?

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் மழை வடிந்த வாரம். கோவிலம்பாக்கத்தில் எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில், ஸ்கூட்டர் மேல் போட்டிருந்த உறைக்குள்ளிருந்து மெல்லிய சத்தம் வந்தது. தூக்கிப் பார்த்தால் உள்ளங்கை அகலத்தில் ஒரு நாட்டுப் பூனைக்குட்டி. உடம்பெல்லாம் சேறு காய்ந்து முடி ஒட்டிப் போயிருந்தது. தாய் வருமா என்று இரண்டு நாள் காத்திருந்துவிட்டு வீட்டுக்குள் எடுத்துக்கொண்டோம். பிள்ளைகள் அதற்குப் புயல் என்றே பெயர் வைத்தார்கள்.

பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். எட்டு வாரக் குட்டி என்று சொல்லி அன்றே ஒரு தடுப்பூசி போட்டார்கள். மூன்று வாரம் கழித்து இன்னொன்று. பிறகு தடுப்பூசிப் புத்தகத்தில் ‘அடுத்தது ஒரு வருடம் கழித்து’ என்று எழுதிக் கையில் கொடுத்தார்கள். கடமை முடிந்தது என்று நாங்களும் புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டோம். ஐந்தாவது மாதத்தில் ஒருநாள் காலை புயல் சாப்பிடவில்லை. மதியம் வாந்தி. இரவில் காய்ச்சல். தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தது, ஆனால் குடிக்கவில்லை. மூன்றாம் நாள் இறந்துபோனது. கடைசியாகப் பார்த்த வேறொரு டாக்டர், புத்தகத்தைப் புரட்டிவிட்டு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“கடைசி ஊசி போடும்போது குட்டிக்கு எத்தனை வாரம் சார்?”

“பதினொண்ணு மேடம்.”

“பதினாறு வாரத்துக்கு மேல ஒண்ணு போட்டிருக்கணும். அது போடலை.”

அந்தக் கேள்வியை மூன்று மாதத்துக்கு முன்பே நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கத் தெரியவில்லை. பூனை வளர்க்கும் பலருக்கும் தெரியவில்லை என்பதை அதற்குப் பிறகு அக்கம்பக்கத்தில் பேசியபோதுதான் உணர்ந்தேன். டாக்டர் முன்னால் நாம் வாயைத் திறப்பதில்லை. அவர் போடுவதைப் போட்டுக்கொண்டு, எழுதுவதை வாங்கிக்கொண்டு வருகிறோம். மருந்தைப் பற்றி அவருக்குத் தெரியும். ஆனால் நம் பூனை எங்கே படுக்கிறது, எந்தச் சுவரைத் தாண்டுகிறது, தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது அதை எங்கே விட்டுப் போகிறோம் என்பதெல்லாம் நமக்கு மட்டும்தான் தெரியும். இரண்டும் சேர்ந்தால்தான் எந்த ஊசி, எப்போது, எத்தனை முறை என்று சரியாக முடிவெடுக்க முடியும்.

முதலில் ஊசியைப் புரிந்துகொள்வோம். நம் ஊர் கிளினிக்குகளில் ‘ட்ரைகேட்’ என்ற சொல் அடிக்கடி காதில் விழும். அது ஒரு நிறுவனத் தயாரிப்பின் பெயர். வேறு நிறுவனத்தின் மருந்தைப் போட்டாலும் பேச்சில் அதுவே நிலைத்துவிட்டது. ஒரே ஊசியில் மூன்று வைரஸ் நோய்களுக்குத் தடுப்பு என்பது அதன் பொருள்.

மூன்றில் கொடியது பேன்லூக்கோபீனியா. நாய்களுக்கு வரும் பார்வோவின் நெருங்கிய உறவு இது, அதனால் ‘பூனை பார்வோ’ என்றும் சொல்வார்கள். உடலில் வேகமாகப் பெருகும் செல்களைத்தான் இந்த வைரஸ் தேடிப் பிடிக்கும். குடலின் உட்சுவரும் எலும்பு மஜ்ஜையும் அப்படிப்பட்ட இடங்கள். குடல் அரிபடுவதால் வாந்தியும் பேதியும் வருகின்றன. மஜ்ஜை கெடுவதால் வெள்ளணுக்கள் சரிந்து, வேறு கிருமிகளை எதிர்க்கவும் உடம்பில் தெம்பு இல்லாமல் போகிறது. குட்டிகள் இரண்டு மூன்று நாளிலேயே போய்விடுவது இதனால்தான். வைரஸுக்கு நேரடி மருந்து கிடையாது. சலைன் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, வேறு தொற்று வராமல் காத்து, உடம்பு தானாக மீளும்வரை தாக்குப்பிடிக்க வைப்பதுதான் சிகிச்சை.

இந்த வைரஸ் வெளியே ஓராண்டு வரைகூட உயிர்ப்போடு கிடக்கும். தெருவில் நோயுள்ள பூனை கழித்த இடத்தை மிதித்துவிட்டு வருகிற செருப்பு போதும், வீட்டுக்குள் வந்துவிடும். “எங்க பூனை வெளியவே போகாது, அதுக்கு எதுக்கு ஊசி?” என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். பூனை வெளியே போகாவிட்டாலும் நாம் போகிறோமே. சாதாரணக் கிருமிநாசினிகள் பலவற்றுக்கு இது அசையாது. தண்ணீரில் சரியான அளவில் கலந்த பிளீச்சிங் கரைசலுக்குத்தான் சாகும். பயத்தில் வீடெங்கும் ஃபினாயில் ஊற்றிவிடாதீர்கள், அது பூனைக்கே நஞ்சு. எங்கள் வீட்டில் புயல் படுத்திருந்த துணிகளையும் மண்தட்டையும் அப்புறப்படுத்திவிட்டு, ஓராண்டுக்கு எந்தக் குட்டியையும் உள்ளே விடவில்லை. அதன்பின் வந்த கருப்பி, ஊசிகள் எல்லாம் முடித்த வளர்ந்த பூனை. அவளையும் அப்படித் தேடித்தான் தத்தெடுத்தோம்.

மற்ற இரண்டும் பூனைச் சளி நோய்கள். ஒன்று ஹெர்பிஸ் வைரஸ். தும்மல், கண்ணில் நீர், கண்ணில் புண். ஒருமுறை தொற்றினால் நரம்புக்குள் போய் ஒளிந்துகொண்டு வாழ்நாள் முழுக்கத் தங்கிவிடும். வீடு மாற்றினாலோ புதுப் பூனை வந்தாலோ மன அழுத்தத்தில் திரும்பத் தலைகாட்டும். இன்னொன்று கேலிசி வைரஸ். இதில் நாக்கிலும் அண்ணத்திலும் புண் வரும், குட்டி சாப்பிட வந்துவிட்டுக் கிண்ணத்தைப் பார்த்தபடி திரும்பிப் போகும். கேலிசியில் வகைகள் பல. இந்த இரண்டையும் தடுப்பூசி முழுமையாகத் தடுக்காது, நோயின் கடுமையைத்தான் குறைக்கும். “ஊசி போட்டும் தும்முது, அப்புறம் எதுக்குப் போட்டோம்?” என்று சண்டைக்குப் போவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பேன்லூக்கோபீனியாவில் நிலைமை வேறு. சரியான வயதில் போட்ட ஊசி அதிலிருந்து மிக உறுதியாகக் காக்கும்.

அந்தச் சரியான வயது எது என்பதில்தான் புயலை இழந்தோம்.

பிறந்த முதல் நாளில் குட்டி குடிக்கும் சீம்பாலில் தாயின் எதிர்ப்புப் பொருட்கள் இருக்கின்றன. அவை குட்டியின் ரத்தத்தில் சேர்ந்து சில வாரங்கள் காவல் காக்கும். அந்தக் காவல் இருக்கும்வரை, நாம் போடும் தடுப்பூசியையும் அது நோய்க்கிருமி என்றே நினைத்து அழித்துவிடும். ஊசி போட்டது புத்தகத்தில் இருக்கும், குட்டியின் உடம்பில் பதிந்திருக்காது. தாய் தந்த காவல் சில குட்டிகளுக்கு எட்டு வாரத்தில் வடிந்துவிடும். சிலவற்றுக்கு 16 வாரம் வரையும், அதைத் தாண்டியும்கூட நீடிக்கும். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்குள்ளேயே வேறுபடும். வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் ஒரே ஊசியை இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். முதல் ஊசி பதிந்து, அதை வலுப்படுத்த அடுத்தது என்று பலர் நினைக்கிறோம். குட்டிகளைப் பொறுத்தவரை முக்கியக் காரணம் அது கிடையாது. எந்த ஊசி பதியும் என்று தெரியாததால், நிச்சயம் பதியும் வயது வரை போட்டுக்கொண்டே போக வேண்டியிருக்கிறது.

உலகச் சிறு விலங்கு கால்நடை மருத்துவர் சங்கம் தடுப்பூசி வழிகாட்டுதல்களை வெளியிட்டு வருகிறது, கடைசியாக 2024-ல் புதுப்பித்தது. நம் டாக்டர்களில் பலரும் பார்ப்பது இதைத்தான். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில், 16 வாரமோ அதற்கு மேலோ ஆகும்வரை போட வேண்டும் என்கிறது அது. எட்டு, பன்னிரண்டு, பதினாறு என்று வைத்துக்கொள்ளலாம். ஊசியின் எண்ணிக்கையைவிடக் கடைசி ஊசியின் நாளில் குட்டியின் வயது முக்கியம். இரண்டு ஊசியோ நான்கு ஊசியோ, கடைசி ஊசி 16 வாரத்துக்கு முன்பே முடிந்துவிட்டால் தொடர் முடியவில்லை என்றே கொள்ள வேண்டும்.

அதன்பிறகு இன்னொரு ஊசி. முன்பெல்லாம் இதை ஒரு வயதில் போடச் சொன்னார்கள். 16 வாரத்திலும் பதியாமல் போன சில குட்டிகள் ஒரு வயது வரை காப்பில்லாமல் திரிய வேண்டியிருக்கிறதே என்பதால், இப்போது 26 வாரத்தில், அதாவது ஆறு மாதத்தில் போடச் சொல்கிறார்கள். கருத்தடை அறுவைக்கு டாக்டரிடம் போகும் வயதும் கிட்டத்தட்ட அதுதான். அப்போதே கேட்டுவிடலாம்.

தெருவில் எடுத்த குட்டிக்கு வயது எப்படித் தெரியும்? பல்லைப் பார்க்கச் சொல்லுங்கள். பால் பற்கள் மூன்று நான்கு வாரத்தில் முளைக்கும். மூன்றரை, நான்கு மாதம் ஆகும்போது முன்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் வரும். எடை ஓரளவு உதவும், மாதத்துக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு என்பது தோராயக் கணக்கு. ஆனால் பட்டினி கிடந்த குட்டிக்கு எடை பொய் சொல்லும். சந்தேகம் வந்தால் வயதைக் குறைத்துக் கணக்கிடுவதுதான் நல்லது, ஒரு ஊசி கூடுதலாகப் போவதால் பெரிய கெடுதல் இல்லை. நான்கு மாதம் தாண்டிய, பழைய கதை தெரியாத பூனை என்றால் இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி போடுவது வழக்கம்.

வளர்ந்த பூனைக்கு வருடா வருடம் வேண்டுமா? இங்குதான் டாக்டரோடு உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது. வீட்டுக்குள்ளேயே, தனியாக, விடுதிக்கெல்லாம் போகாமல் வாழும் பூனைக்கு, மூன்று நோய் ஊசியை மூன்று ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் அடிக்கடி போடத் தேவையில்லை என்கின்றன உலக வழிகாட்டுதல்கள். வெளியே திரியும் பூனை, பல பூனைகள் உள்ள வீடு, விடுமுறைக்குப் பூனை விடுதியில் விடப்படும் பூனை, இவற்றுக்குச் சளி நோய்த் தடுப்பை ஆண்டுதோறும் போடுவது பொருத்தம். ஆனால் நம் ஊரில் கிடைக்கும் மருந்துகளின் தாளில் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறை என்றே அச்சிட்டிருக்கும். அச்சிட்டதைத் தாண்டி முடிவெடுத்து, பின்னால் பூனைக்கு ஏதாவது வந்தால் கேள்வி கேட்கப்படுவது டாக்டர்தான். வருடா வருடம் வரச் சொல்கிறவரையெல்லாம் காசுக்காகச் சொல்கிறார் என்று எண்ணுவது நியாயமில்லை. அதே சமயம், “இவ பால்கனியத் தாண்ட மாட்டா, வேற பூனை இல்ல, ஹாஸ்டல்ல விட மாட்டோம். மூணு வருஷத்துக்கு ஒருமுறை போட்டா போதுமா டாக்டர்?” என்று கேட்பதில் தவறே இல்லை. என் அனுபவத்தில், இப்படிக் கேட்டதும் டாக்டர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேசத் தொடங்குகிறார்கள். ஊசி இல்லாத ஆண்டிலும் பல்லையும் எடையையும் காட்ட ஒருமுறை போய்வாருங்கள்.

ஒரே ஒரு ஊசியில் மட்டும் பேரம் கிடையாது. வெறிநோய்த் தடுப்பூசி.

பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் சாலையில் வருகிறவர்களுக்கு எங்கள் பகுதி தெரிந்திருக்கும். ஒரு பக்கம் அடுக்ககங்கள், அடுத்த மனை காலி, அதில் புதர், குப்பை, நாலைந்து நாய்கள். கீழ்க்கட்டளைப் பக்கம் போனால் தாம்பரம் மாநகராட்சி, பள்ளிக்கரணைப் பக்கம் போனால் சென்னை மாநகராட்சி. நாய்க்கு அந்த எல்லைகள் தெரியாது. கதவு திறந்த நேரத்தில் ஓடிய பூனை காலி மனையில் ஒரு நாயோடு மோதிவிட்டு வரும். காதுக்குப் பின்னால் ஒரு சின்னப் பல் தடம், முடிக்குள் மறைந்திருக்கும். “வெறிநோய் நாய்க்குத்தானே வரும்” என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். பாலூட்டி எதற்கும் வரும். வெறிநோய் வந்த பூனை பெரும்பாலும் இருட்டில் பதுங்கிக்கொண்டு, கைநீட்டியவர் மேல் பாய்ந்து கடிக்கும், பிறாண்டும். அறிகுறி தொடங்கிவிட்டால் பூனைக்கும் மனிதருக்கும் பிழைப்பு அநேகமாக இல்லை. மற்ற ஊசிகள் பூனையைக் காக்கின்றன. இது அதோடு வீட்டிலுள்ள குழந்தையையும் காக்கிறது.

12 வாரம் ஆனதும் முதல் ஊசி போடலாம். நோய் பரவலாக உள்ள நம் நாட்டைப் போன்ற இடங்களில் இரண்டு முதல் நான்கு வாரத்தில் இன்னொன்றையும் பல டாக்டர்கள் சேர்ப்பார்கள். ஓராண்டில் மீண்டும். அதன்பின் ஆண்டுக்கொருமுறையா, மூன்றாண்டுக்கொருமுறையா என்பது மருந்தைப் பொறுத்தது. சில தயாரிப்புகளுக்கு மூன்றாண்டுக் காப்பு நிரூபிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் நம் ஊரில் ஆண்டுதோறும் போடுவதே நடைமுறை, நான் அதை அப்படியே பின்பற்றுகிறேன். தெரு நாய்களும் தெருப் பூனைகளும் இத்தனை நெருங்கி வாழும் இடத்தில், இந்த ஒன்றில் சிக்கனம் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

இதோடு ஒட்டிய ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ஊசி போட்ட பூனைதானே என்று கடியையும் கீறலையும் அலட்சியப்படுத்தாதீர்கள். சோப்பும் ஓடும் தண்ணீரும் விட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் வைக்காதீர்கள். அன்றே மருத்துவரிடம் போங்கள், அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் ஊசி இலவசம். கடித்த நாயோ பூனையோ பத்து நாள் நலமாக இருந்தால் மீதி ஊசிகளை எப்படி வைத்துக்கொள்வது என்று அவர் சொல்வார். பத்து நாள் பார்த்துவிட்டுப் போகலாம் என்று காத்திருப்பதுதான் தவறு. தெருப் பூனைகளுக்குச் சோறு வைக்கிற அக்கா ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். கடிபடுவதற்கு முன்பே தனக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டுவிட்டார். அப்படியும் போட்டுக்கொள்ள வழி இருக்கிறது, மருத்துவரைக் கேளுங்கள்.

உடம்பில் எந்த இடத்தில் ஊசி போடுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். இதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 1987-ல் பூனைகளுக்கு வெறிநோய்த் தடுப்பூசி கட்டாயமானது. 1991-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மேட்டி ஹென்ட்ரிக், மைக்கேல் கோல்ட்ஷ்மிட் என்ற நோய்க்கூற்றியல் நிபுணர்கள், பூனைகளுக்கு வழக்கமாக ஊசி போடும் இடங்களில் ஒரு வகைப் புற்றுக்கட்டி அதிகம் வருவதைச் சுட்டிக்காட்டினார்கள். தோலுக்கடியில் நீடிக்கும் அழற்சி சில பூனைகளில் இப்படித் திரும்புகிறது. ஆயிரக்கணக்கான ஊசிகளுக்கு ஒன்று என்ற அளவில்தான் இது நேர்கிறது. பேன்லூக்கோபீனியாவும் வெறிநோயும் கொல்லும் கணக்கோடு வைத்துப் பார்த்தால் ஊசியை விடுவதற்கு இது காரணமாகாது. ஆனால் தேவையில்லாத ஊசியைப் போடாமல் இருப்பதற்கு இது நல்ல காரணம். தோள்பட்டைகளுக்கு நடுவே கட்டி வந்தால் முழுதாக வெட்டி எடுப்பது மிகக் கடினம். அதனால் காலின் கீழ்ப்பகுதியில் அல்லது வாலில் போடச் சொல்கிறார்கள். டாக்டரிடம், “எந்த இடத்தில போட்டீங்கன்னு புக்ல எழுதிடுங்க மேடம்” என்று கேளுங்கள். வலது காலா இடது காலா என்று எழுதி வாங்குங்கள்.

ஊசி போட்ட இடத்தில் சின்ன முடிச்சு வந்து சில வாரத்தில் கரைவது சாதாரணம். மூன்று மாதம் கடந்தும் இருந்தால், இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டினால், ஒரு மாதத்துக்குப் பிறகும் வளர்ந்துகொண்டே போனால், இந்த மூன்றில் ஒன்று நடந்தாலும் உடனே காட்டுங்கள்.

எங்கள் பகுதியில் இருப்பவர்கள் கேட்க வேண்டிய தனிக் கேள்வி ஒன்று உண்டு. தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியில் இருக்க வேண்டும். வெயிலில் கிடந்தாலும் கெடும், ஐஸ் கட்டியோடு உறைந்தாலும் பல மருந்துகள் கெடும். மிக்ஜாம் நேரத்தில் இந்தப் பகுதிகளில் பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நாட்களுக்குப் பிறகு, “கரன்ட் போனப்ப மருந்தை எப்படி வெச்சிருந்தீங்க டாக்டர்?” என்று மரியாதையோடு கேட்கலாம். இன்வெர்ட்டர் வைத்திருக்கிறார்களா, மருந்துக்குத் தனிக் குளிர்பெட்டி உண்டா என்பதெல்லாம் கேட்கத் தகுந்தவை. நல்ல டாக்டர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார், பெரும்பாலும் குளிர்பெட்டியையே திறந்து காட்டுவார். மருந்துக் கடையில் நீங்களே வாங்கி மே மாத வெயிலில் வண்டியில் கொண்டுபோய்க் கொடுப்பதைத் தவிருங்கள். வீட்டுக்கு வந்து போடும் டாக்டர் என்றால் மருந்தைக் குளிர்ப்பெட்டியில் கொண்டுவருகிறாரா, ஒவ்வாமை வந்தால் கொடுக்கும் மருந்து பையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

செல்லப் பிராணிக் கடைகளில் குட்டியை விற்கும்போதே “ஊசியெல்லாம் போட்டாச்சு” என்று சொல்லிவிடுவார்கள். போட்டது யார்? இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம், 1984-ன்படி பதிவு பெற்ற மருத்துவர் போட்டு, கையெழுத்திட்டு, மருந்துக் குப்பியின் ஸ்டிக்கரை ஒட்டியிருந்தால்தான் அது ஊசிக் கணக்கு. ஸ்டிக்கரில் மருந்தின் பெயர், தொகுதி எண், காலாவதி நாள் மூன்றும் இருக்கும். ஸ்டிக்கர் இல்லாத வெறும் தேதியை நான் நம்புவதில்லை, ஊசி போடாத குட்டி என்றே வைத்துக்கொண்டு தொடங்கச் சொல்வேன்.

வேறு ஊசிகளும் உண்டு. பூனை ரத்தப்புற்று வைரஸுக்கான தடுப்பூசி வெளிநாடுகளில் இளம் பூனைகளுக்குப் பரவலாகப் போடப்படுகிறது, நம் ஊரில் எளிதில் கிடைப்பதில்லை. அந்த வைரஸ் எச்சில் வழியாகப் பரவும். எனவே புதுப் பூனையை வீட்டுப் பூனையோடு சேர்க்குமுன் ரத்தச் சோதனை செய்துவிடுவது நம்மால் ஆகக்கூடியது. எஃப்.ஐ.பி. என்னும் வயிற்றுநீர் நோய்க்கு வெளிநாட்டில் ஒரு தடுப்பு மருந்து உண்டு, அதை உலக வழிகாட்டுதலே பரிந்துரைக்கவில்லை. யாராவது ‘ஸ்பெஷல் ஊசி’ என்று புதிதாக ஒன்றைச் சொன்னால் எந்த நோய்க்கு என்று கேளுங்கள்.

டாக்டரிடம் மறைக்கக் கூடாத செய்திகளும் இருக்கின்றன. பெட்டை சினையாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். வீரியம் குறைத்த உயிர்க்கிருமி ஊசி வயிற்றிலுள்ள குட்டிகளின் மூளையைப் பாதிக்கலாம். போன முறை ஊசிக்குப் பின் முகம் வீங்கியதா, வாந்தி எடுத்ததா என்பதைச் சொல்லுங்கள். இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்றால், வந்ததற்குப் போட்டுவிட்டுப் போகலாம் என்று நினைக்காதீர்கள், உடம்பு சரியானதும் போட்டுக்கொள்ளலாம். ஊசி போட்டதும் கிளம்பிவிடாமல் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். கடுமையான ஒவ்வாமை பெரும்பாலும் சீக்கிரமே தெரிந்துவிடும். மறுநாள் கொஞ்சம் சோர்வும் இளஞ்சூடும் இருந்தால் பயப்பட வேண்டாம். மனிதர்களுக்குக் கொடுக்கும் பாரசிட்டமால் மாத்திரையை மட்டும் எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள். பூனைக்கு அது உயிரைப் பறிக்கும் நஞ்சு.

கிளினிக்கில் நாய்களுக்கு நடுவே கூடையைத் தரையில் வைக்காமல் மடியிலோ மேஜையிலோ வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுங்கள். பயந்த பூனையைக் கையாள்வதிலேயே டாக்டரின் பத்து நிமிடமும் போய்விட்டால் பேச நேரம் இருக்காது. கேள்விகளைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போவது நல்ல பழக்கம். இவ்வளவுக்குப் பிறகும் ஒரு டாக்டர் எந்தக் கேள்விக்கும் விடை தராமல் ஊசியை மட்டும் எடுத்தால், இன்னொருவரிடம் போவதில் தயக்கம் வேண்டாம். குழப்பமான நிலை என்றால், 1903-ல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது. கோவிலம்பாக்கத்திலிருந்து தொலைவுதான், ஆனால் போய்வரத் தகுந்த இடம்.

வீட்டில் குட்டி இருந்தால் இன்றே அதன் தடுப்பூசிப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். கடைசியாக மூன்று நோய் ஊசி போட்ட தேதியை எடுத்துக்கொண்டு, அன்று குட்டிக்கு எத்தனை வாரம் என்று எண்ணுங்கள். 16 ஆகியிருக்கவில்லை என்றால், ‘அடுத்தது ஒரு வருடம் கழித்து’ என்று எழுதியிருந்தாலும் காத்திருக்காதீர்கள். நாளைக் காலையே டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.